ராஜாவுக்கு யார் கை தூக்கினார்கள்?

“சித்தி, அம்மாவின்ரை பேர் ஜூன் மாசக் கூட்டத்திலை வருது. ஊர்ச்சனம் கை தூக்கித்தான் முடிவு எடுக்கப் போகினம். நீங்களும் வந்து நிண்டா அம்மாவுக்குத் தெம்பா இருக்கும்.”

அபி இப்படித் தொலைபேசியில் சொன்னபோது நான் லண்டனில் என் அலுவலக மேசையில் யாரோ ஒருவருடைய கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. எங்கள் நகரசபை மக்களுடைய பணத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று யார் எழுதிக் கேட்டாலும், தகவல் அறியும் சட்டப்படி குறித்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பூங்காவில் புல் வெட்டிய செலவு, தலைவரின் டாக்ஸிச் செலவு என்று எதையும் கேட்கலாம். பதினொரு வருடமாக எழுதுகிறேன்.

அபி என் அக்கா மலரின் மகள். சுவிஸிலேயே பிறந்து, ஆராவில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் சுவிஸ் பிரசையாகிவிட்டாள். அக்கா அந்த நாட்டுக்குப் போய் முப்பது வருடம். ஆராவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். அங்கேயுள்ள வயோதிபர் இல்லத்தில் சமையல். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சின்ன ஊர், எழுதினால் நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அடுத்த நாளே அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இத்தனை காலமும் சி பெர்மிட் என்ற நிரந்தர வதிவிட அனுமதியோடு காலத்தை ஓட்டிய அக்கா, ஐம்பத்தாறாவது வயதில் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஜெர்மன் பரீட்சையில் இரண்டாம் முறை சித்தியடைந்தாள். நேர்முகமும் முடிந்தது. இனி ஊர்க்கூட்டம். பல ஊர்களில் இதை இப்போது ஊர்ச்சபையே முடித்துவிடுகிறது. அக்காவின் ஊரில் இன்னும் மக்கள்தான் கை தூக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சூரிச் விமானநிலையத்தில் இறங்கி, கீழே போய், முதலில் வந்த ரயிலில் ஏறினேன். அது ஆராவ் வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆராவில் நிற்காது என்று தெரியாது. ஆராவ் வந்தது, போனது. பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. பெட்டியைப் பிடித்தபடி கதவருகில் நின்ற என்னிடம் டிக்கெட் பார்க்க வந்த பெண், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஆராவைப் பார்த்துவிட்டீர்கள். இனி பேர்னையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லி, தண்டம் கட்டத் தேவையில்லை என்று ஒரு சீட்டும் எழுதித் தந்தார். லண்டனில் ஒரு முறை தவறான ரயிலில் ஏறி, நான் அழுதும் விடாமல் தண்டம் வாங்கினார்கள். அந்தப் பெண் எழுதித் தந்த சீட்டை இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறேன்.

பேர்னில் அடுத்த ரயிலுக்கு நேரமிருந்ததால் பாராளுமன்றச் சதுக்கம்வரை நடந்தேன். அன்று அங்கே சந்தை நாள். பாராளுமன்றப் படிகளுக்கு நேர் முன்னால் கீரையும் வெங்காயமும் விற்கிறார்கள். நான் அரைக்கிலோ செர்ரி வாங்கினேன். கறுப்புச் சிவப்பாய், கையெல்லாம் சாயம் ஒட்டும் பழம். விற்ற பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒருவரைக் காட்டி, “அவர் பாராளுமன்ற உறுப்பினர். போன கிழமை என் செர்ரி விலை கூடவாம் என்று சண்டைக்கு வந்தவர்” என்றார். “நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “உங்கள் சம்பளத்தைப் பற்றி நான் சண்டை பிடிக்கிறேனா என்று கேட்டேன். பிறகு பிடித்தேன்” என்றார்.

எங்கள் லண்டனில் அரண்மனை வேலிக் கம்பிகளுக்கு வெளியே நின்று, காவலாளிகள் மாறுவதைப் படம் பிடிக்கும் கூட்டம் நினைவுக்கு வந்தது. நானும் ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

அன்று பின்னேரம் அக்கா இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தாள். சைக்கிள்காரர் கதையைச் சொன்னேன். அக்காவின் கணவர் குலம் அத்தானுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர்.

“பாராளுமன்றக்காரர் சைக்கிளிலை போனா எனக்கென்ன? ரெயில் ரிக்கெற் விலை குறையுதோ?” என்றார்.

“அத்தான், நீங்கள் ஏன் எழுதிக் குடுக்கேல்லை?”

“எனக்கு சி பெர்மிட் காணும். முப்பது வருஷமா வரி கட்டிறன். இனிப் போய், மண்டபத்துக்கு வெளியிலை நிண்டுகொண்டு, உள்ளுக்கை இருக்கிறவை என்னைப் பற்றிக் கதைச்சு முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருக்கேலாது. முந்தி சில ஊர்களிலை பேரைப் பாத்தே வேண்டாமெண்டு கை தூக்கினவை, தெரியுமோ? பிறகு கோர்ட் தலையிட்டு, காரணம் சொல்லோணும் எண்டு வந்தது.”

“உங்களுக்கு மானம். எனக்கு வோட் வேணும்” என்றாள் அக்கா, சொதிச் சட்டியைத் துடைத்தபடி.

அந்த வோட் எதற்கென்றும் சொன்னாள். வயோதிபர் இல்லத்துச் சமையலறையை மூடிவிட்டு, வெளியே ஒரு கம்பனியிலிருந்து சாப்பாடு எடுக்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. என்றைக்கோ ஒருநாள் அதுவும் கூட்டத்துக்கு வரும். “அதுக்குக் கை தூக்கேக்கை நான் உள்ளை இருக்கோணும், வதனி. இருபது வருஷமா அந்த அடுப்புக்கு முன்னாலை நிக்கிறன். அதைப் பற்றி நான் மட்டும் வாய் திறக்கக் கூடாதோ?”

புதன்கிழமை அக்காவும் அபியும் வேலைக்குப் போய்விட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அக்காவின் வேலை அட்டவணை ஒட்டியிருந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதியில் அவள் பெயர் போட்டிருந்ததைப் பார்த்து, “உங்கடை தேசிய நாளிலை அக்காவுக்கு வேலையோ?” என்று அத்தானைக் கேட்டேன். “ஒவ்வொரு வருஷமும்தான். மற்றவையள் பிள்ளையளோடை இருக்கட்டும் எண்டு இவ தானே போய்ப் பேர் குடுக்கிறவ” என்றார்.

மேசையில் கூட்டத்துக்கான சிறு புத்தகம் கிடந்தது. வாக்குள்ள எல்லோருக்கும் தபாலில் வருவது, அபிக்கு வந்திருந்தது. ஊரின் போன வருடச் செலவு முழுவதும் அதில் இருந்தது. பனி அள்ளிய செலவு, தொண்ணூறு வயதானவர்களுக்குக் கொடுத்த பூங்கொத்து, ஊர்ச்சபை உறுப்பினர்களின் படி எல்லாம். ஜெர்மன் தெரியாவிட்டாலும் கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். என் தொழில் புத்தி விடவில்லை. எங்கள் நகரசபையில் யாராவது கேட்டால்தான் கொடுப்போம். இங்கே கேட்க முன்னமே தபால் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

நாலாவது விடயம் கழிவுநீர்க் குழாய். ஐந்தாவதாக அக்காவின் பெயர், வயது, தொழில், பிறந்த நாடு. ஆறாவது, தீயணைப்புப் படைக்குப் புதிய வண்டி. கழிவுநீர்க் குழாய்க்கும் தீயணைப்பு வண்டிக்கும் நடுவில் என் அக்கா.

எனக்குக் கிடைத்த குடியுரிமை இப்படி இல்லை. படிவம் அனுப்பினேன், மாதக் கணக்கில் காத்திருந்தேன், கடிதம் வந்தது. என் அயலவர் ஒருவரையும் கேட்கவில்லை. பிறகு நகர மண்டபத்தில் அப்போதைய மகாராணியின் படத்துக்குக் கீழே நின்று, அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்து. அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன். அதை இன்றும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஓடி வந்தவளை ஒரு நாடு உள்ளே எடுத்தது.

வியாழக்கிழமை அக்காவுக்கு லீவு. காலையில் திரிம்பாக் என்ற ஊரிலுள்ள தமிழ்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது, அக்கா அவரிடம் மெதுவாக, “நாளைக்குக் கெமைண்டே கூட்டம் ஐயா” என்றாள். கெமைண்டே என்றால் ஊராட்சி. ஐயருக்கு அது புதிதல்ல. “எந்த ஊர்?” என்று மட்டும் கேட்டு, பூவைச் சற்றுக் கூடவே போட்டார்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ரூத் கோப்பிக்குக் கூப்பிட்டார். எழுபத்தாறு வயது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதியின் கரட் கேக் செய்திருந்தார். மேலே வெள்ளைச் சீனிப் பாகு, அதன் மேல் பாதாம் மாவில் செய்த சின்னச் சின்னக் கரட்டுகள். ரூத்துக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவர் வீட்டுச் சஞ்சிகைக் குவியலைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். முழுக்க எங்கள் அரச குடும்பம். கல்யாணம், தொப்பி, பிள்ளைகள், சண்டை.

“இவ்வளவு விருப்பமா?” என்றேன்.

“ஏன் விருப்பம் இருக்காது? நீங்கள் காசு கட்டிப் பார்க்கிறீர்கள். நாங்கள் காசு கட்டாமல் பார்க்கிறோம்” என்று சிரித்தார். பிறகு, அந்தப் பக்கத்து மக்களுக்கே உரிய மாதிரி, நேரே விஷயத்துக்கு வந்தார். “ஒன்று கேட்கிறேன். ராஜாவின் செலவுக்கு எவ்வளவு என்று யார் கை தூக்கினார்கள்?”

கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் நான் கேக் துண்டைக் கீழே வைத்தேன்.

தெரிந்ததைச் சொன்னேன். உத்தியோக வேலைகளுக்கும் அரண்மனைப் பராமரிப்புக்கும் அரசாங்கம் ஒரு மானியம் கொடுக்கிறது. முடிக்குரிய நிலங்களிலிருந்து வரும் இலாபத்தின் அளவை வைத்து அது கணக்கிடப்படுகிறது. பாராளுமன்றம் அதற்கு ஒரு சட்டம் செய்திருக்கிறது. வருடா வருடம் அறிக்கை வெளிவரும், கணக்காய்வும் உண்டு. ஆனால் காவலுக்கு ஆகும் செலவு அதில் இல்லை. வேறு இரண்டு பெரிய நிலச் சொத்துகளின் வருமானம் தனி. இலாபம் ஏறினால் மானியம் ஏறலாம். இலாபம் இறங்கினால், போன வருடத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

“கீழே போகவே போகாதா?”

“போகாது.”

“எனக்கும் அப்படி ஒரு பென்சன் வேண்டும்” என்றார் ரூத்.

அவருக்கு நூலகக் கதையையும் சொன்னேன். எங்கள் பகுதியில் ஒரு நூலகத்தைத் திறந்துவைக்க அரச குடும்பத்தில் ஒருவர் வந்தார். பிறகு ஒரு வாசகர் எழுதிக் கேட்டார், அந்த வருகைக்கு எவ்வளவு செலவு என்று. நகரசபையின் செலவு முழுவதையும், பின்கதவுக்கு அடித்த பெயின்ட் வரை, நான் எழுதிக் கொடுத்தேன். அரண்மனைப் பக்கத்துச் செலவு எவ்வளவு என்று அவர் திரும்பக் கேட்டார். நான் அரண்மனைக்கு எழுதினேன். தடித்த நல்ல தாளில், மிக மரியாதையான ஒரு கடிதம் வந்தது. அரண்மனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்றும், என் அக்கறைக்கு நன்றி என்றும்.

“ஆனால் ரூத், அவர் வந்த அன்று எங்கள் நூலகத்தில் சுத்தம் செய்யும் பெண் அழுதுவிட்டாள். இருபது வருடத்தில் அவளுக்குக் கை கொடுத்து, என்ன பெயர் என்று கேட்ட முதல் பெரிய மனிதர் அவர். அதையும் நான் மறக்கமாட்டேன்.”

ரூத் தலையாட்டினார். “பெயர் கேட்டது நல்லது. அவளுக்கும் ஒன்று கேட்க இடம் கொடுத்திருக்கலாம்.” பிறகு, தான் ஏன் ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை என்று சொன்னார். அவர் இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் அந்நாட்டுப் பெண்களுக்கு வாக்கு வந்ததாம். அவருடைய தாய் பாதி ஆயுளுக்கு மேல் வாக்கில்லாமலே இருந்தவர். “அப்பா கூட்டத்துக்குப் போவார். அம்மா அவருடைய சப்பாத்தைத் துடைத்துக் கொடுப்பார். அதுதான் எங்கள் வீட்டு ஜனநாயகம்.”

வெள்ளிக்கிழமை மாலை. ஜூன் மாதமாகையால் வெளியே நல்ல வெயில். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். வாசலில் வாக்குச் சீட்டைக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். வாக்கில்லாத நாங்கள் சுவரோரமாக ஒரு வாங்குப் பலகையில். அக்கா பச்சைக் காஞ்சிபுரம் உடுக்க ஆசைப்பட்டு, கடைசியில் நீலக் கோட்டே போட்டாள். அபி வாக்காளர் பக்கம் போனாள். எனக்கு மறுபக்கத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதும் ஒரு பெண் இருந்தார். நான் முழிப்பதைக் கண்டு ஆங்கிலத்தில் காதோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நல்ல மனத்துக்கு நன்றி.

ஊர்ச்சபைத் தலைவி தச்சுப் பட்டறை நடத்துகிறவர். ஊர் வேலை அவருக்குப் பகுதிநேரம்தான். கணக்கு விடயம் வந்ததும் ரூத் எழுந்தார்.

“ஊர்ச்சபை இரண்டு நாள் கலந்துபேச மலைமேல் ஒரு விடுதிக்குப் போயிருக்கிறது. எங்களிடம் மண்டபம் இல்லையா? இந்தக் கதிரைகள் உங்களுக்குக் குத்துமா?”

மண்டபம் சிரித்தது. தலைவியின் முகம் சிவந்தது. அவர் கோப்பைத் திறந்து, ஏன் போனார்கள், எத்தனை பேர், எந்த அறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “இரவுச் சாப்பாட்டு வைனை நாங்கள் சொந்தக் காசில் குடித்தோம்” என்றார். “அது எழுதப்பட்டிருக்கிறதா?” என்றார் ரூத். எழுதப்பட்டிருந்தது. “சரி, அடுத்த வருடம் இங்கேயே கூடுகிறோம்” என்று தலைவி முடித்தார். கைகள் உயர்ந்தன, கணக்கு நிறைவேறியது. நான் வாங்கின் விளிம்பில் இருந்து அதைப் பார்த்தேன். ஒருவரும் ஒருவரையும் அவமானப்படுத்தவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள், அவ்வளவுதான். இப்படி ஒரு கேள்வியை அரண்மனையின் கணக்காளர் ஒருவர் எழுந்து நின்று எதிர்கொண்டால், ராஜாவுக்கு என்ன குறைந்துவிடும்? என்னைக் கேட்டால் மரியாதை கூடத்தான் செய்யும்.

ஐந்தாவது விடயம். அக்காவும் அத்தானும் அபியும் வெளியே போக வேண்டும் என்றார்கள். அக்கா கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி போனாள். என்னை ஒருவரும் போகச் சொல்லவில்லை, வாக்கும் இல்லாத, அந்த வீட்டிலும் இல்லாத விருந்தாளிதானே.

தலைவி விண்ணப்பத்தை வாசித்து, ஊர்ச்சபை சம்மதிக்கிறது என்றார். “யாருக்காவது பேச இருக்கிறதா?”

கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்திலிருந்த பத்திரிகைப் பெண் அவர் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

“எனக்கு அந்த அம்மாவோடு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் இங்கே இருக்கிறார். ஓகஸ்ட் முதலாம் திகதி நாங்கள் மேட்டில் தீ மூட்டுகிறோம், ஊரே வருகிறது. ஒரு வருடமாவது அவரை அங்கே நான் கண்டதில்லை. ஏன் என்று கேட்க விரும்புகிறேன். ஆனால் அவரை வெளியே அனுப்பிவிட்டீர்கள்.”

தலைவி கேட்டார்: “நீங்கள் மறுக்கும்படி பிரேரிக்கிறீர்களா? அப்படியென்றால் காரணம் எழுத வேண்டும்.”

“பிரேரணை இல்லை. கேள்விதான்.”

எனக்குப் பதில் தெரியும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அது ஒட்டியிருக்கிறது. பதினொரு வருடமாக அந்நியர்களின் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிய நான், என் அக்காவைப் பற்றிய ஒரே கேள்விக்கு வாய்மூடி இருக்க வேண்டியிருந்தது. என்னை அறியாமலே கை உயர்ந்துவிட்டது.

தலைவி என்னைப் பார்த்தார். “விருந்தினர்களுக்குப் பேச உரிமை இல்லை.” பிறகு யோசித்தார். “கூட்டம் அனுமதித்தால் பேசலாம். அனுமதிக்கிறவர்கள் கை தூக்குங்கள்.”

நான் பேசலாமா என்பதற்குக் கை தூக்கினார்கள். ரூத்தின் கை முதலில். அந்தக் கட்டச்சட்டைக்காரரும் தூக்கினார்.

எழுந்து நின்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், தலைவி மொழிபெயர்த்தார்.

“நான் அவருடைய தங்கை. ஒவ்வொரு ஓகஸ்ட் முதலாம் திகதியும் அக்கா வயோதிபர் இல்லத்தில் சமைக்கிறார். மற்றவர்கள் பிள்ளைகளோடு தீயைப் பார்க்கப் போகட்டும் என்று தானே கேட்டு அந்த வேலையை எடுக்கிறார். அன்று அங்கே சாப்பிடுகிறவர்கள் உங்கள் ஊரவர்கள்.”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தபோது வாங்கு எங்கே என்று தெரியவில்லை; பத்திரிகைக்காரப் பெண் பிடித்து இருத்தினார்.

கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையில்லாத அளவுக்கு. எதிராக ஏழு கை. கட்டச்சட்டைக்காரர் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு முறையும் கையை நெஞ்சில் கட்டியபடியே இருந்தார்.

அபி கதவைத் திறந்து தாயைக் கூட்டிவந்தபோது மண்டபம் கை தட்டியது. அக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இன்னும் கன்டோன் எனப்படும் மாநில அரசும் பேர்னிலுள்ள மத்திய அரசும் முத்திரை குத்த வேண்டும்; மாதங்கள் ஆகும். ஆனால் அவள் முகத்தில் அது முடிந்துவிட்டது. அத்தான் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். “வெளியிலை புல்லு வெட்டியிருக்கு, அதுதான்” என்றார். உடனே அடுத்த விடயமாகத் தீயணைப்பு வண்டி பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அக்காவை விடக் கூடுதல் நேரம் எடுத்தது.

கூட்டம் முடிந்து வாசலில் வைனும் பாலாடைக்கட்டியும் உப்பு ரொட்டியும் வைத்தார்கள். நான் ரூத்திடம் மட்டும் போய், உள்ளே நடந்ததை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். அவளுடைய இந்த நாளில் ஒரு கீறலும் விழக்கூடாது. ரூத் கொஞ்சம் யோசித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

அப்போது கட்டச்சட்டைக்காரர் எங்களை நோக்கி வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ சொன்னார். அபி எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தாள்.

“நான் உங்களுக்குக் கை தூக்கவில்லை. எதிராகவும் தூக்கவில்லை. வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க முன் நானே சொல்கிறேன். ஓகஸ்ட்டில் மேட்டுக்கு வாருங்கள்.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, சுவிஸ் ஜெர்மனில் பதில் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அம்மா என்ன சொன்னவ?” என்று அபியைக் கேட்டேன்.

“வாறனாம். ஆனா தனக்கு லீவு குடுக்கச் சொல்லி இவரே இல்லத்துக்குக் கடிதம் எழுதோணுமாம்.”

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் ஆட்கள். ஷாஃப்ஹவுசனிலிருந்து அத்தானின் தமையன் குடும்பம் ஆட்டுக்கறிச் சட்டியோடு வந்தது. எல்லோரும் அக்காவை வாழ்த்த, அத்தான் கூட்டத்தைப் பற்றித் தானே முன்வரிசையில் இருந்தவர் போலக் கதைத்தார். நான் பின்வளவில் தனியே கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்கு நன்றி சொல்ல நிறைய இருந்தது, யாருக்கு என்பதில்தான் குழப்பம். என் அயலவரைக் கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்ட ராஜாவின் நாட்டுக்கு நன்றி. ஒரு சமையல்காரியை எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று அங்கே யாரும் கை எண்ணுவதில்லை. தன் தலைவி எங்கே தங்கினார், எதைக் குடித்தார் என்று முகத்துக்கு நேரே கேட்கும் இந்த ஊருக்கும் நன்றி. கேள்விகள் மேலே இருப்பவர்களை நோக்கிப் போக வேண்டும், கீழே நிற்பவளை விட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டையும் ஒரே நாட்டில் இன்னும் நான் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆராவ்வரை வந்து, நிற்கும் ரயிலில்தான் ஏறுகிறேனா என்று பார்த்து அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழிந்து, நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அச்சடித்த ஜெர்மன் பக்கம். நடுவில் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு. கூட்டத்தின் அறிக்கை. ஊராட்சியின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாமாம். அந்த வரியைக் கைபேசியில் மொழிபெயர்த்தேன். ‘விண்ணப்பதாரர் பற்றி எழுந்த ஒரு கேள்விக்கு, விருந்தினர் பகுதியிலிருந்த அவருடைய சகோதரி, கூட்டத்தின் அனுமதியுடன், தகவல் வழங்கினார்.’

அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது.

“ஏனடி எனக்குச் சொல்லேல்லை?”

“நீ சந்தோஷமா இருந்தனி அக்கா. அதைக் குழப்பக் கூடாதெண்டு…”

“என்னைப் பற்றித்தானே கதைச்சவை? நான் வெளியிலை நிக்கேக்கை உள்ளுக்கை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ? ஊர்ச்சனம் முழுக்க வாசிச்சிட்டுது. நான்தான் கடைசி.”

எவ்வளவு அன்போடும் மரியாதையோடும் நான் அதை அவளுக்கு மறைத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன்.

“அதை விடு. ஆர் கேட்டது, என்ன கேட்டது, நீ என்ன சொன்னனி? ஒண்டும் விடாமல் சொல்லு.”

நான் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.